விசித்திரமான இசைக் காணொளியைப் பகிர்வது எப்படி: பார்ப்பதிலிருந்து பின்னூட்டம் வரை

2010ஆம் ஆண்டு பிப்ரவரியில், ‘ஓகே கோ’ என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடகர் டேமியன் குலாஷ், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார். எட்டு டிரெட்மில்களின் மீது நான்கு பேர் ஆடும் அவர்களுடைய 2006ஆம் ஆண்டுக் காணொளி அதற்குள் உலகெங்கும் பரவியிருந்தது. மற்றவர்கள் அதைத் தங்கள் வலைப்பக்கங்களில் எடுத்துப் போட்டுக்கொள்ள உதவிய ‘எம்பெட்’ வசதியை, குழுவின் இசை நிறுவனமான இஎம்ஐ முடக்கிவிட்டது. யூடியூப் தளத்துக்கே வந்து பார்த்தால்தான் நிறுவனத்துக்குக் காசு என்பது அதற்குக் காரணம். முடக்கியதும், நாளொன்றுக்குச் சுமார் 10,000 ஆக இருந்த பார்வைகள் ஆயிரத்துச் சொச்சமாகச் சரிந்தன என்று குலாஷ் அந்தக் கட்டுரையில் கணக்குக் காட்டினார். அடுத்த மாதமே குழு நிறுவனத்தை விட்டு வெளியேறி, ‘பாராகடூட்டே’ என்ற பெயரில் சொந்த நிறுவனம் தொடங்கியது.

இந்த எண்ணிக்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர், எங்கோ ஒருவர் தம் பக்கத்தில் எடுத்துப் போட்டு, இரண்டு வரி எழுதி, “இதைப் பாருங்கள்” என்று சொன்னதால் வந்தவர்கள். பெரிய விளம்பரப் பணம் இல்லாத சுயாதீன இசைக் குழுக்களுக்கு அந்த ‘எங்கோ ஒருவர்’தான் விநியோகஸ்தர். இந்த வழிகாட்டி அவருக்காக எழுதப்படுகிறது. இது சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: காணொளி விசித்திரமாக இருக்கிறது என்பதைப் பார்ப்பவர் தாமே கண்டுகொள்வார், அந்த விசித்திரத்துக்குள் நடந்திருக்கும் வேலையைத்தான் நாம் பகிர வேண்டும்.

முதல் படி: பகிர்வதற்கு முன் மூன்று முறை பாருங்கள்

முதல் முறை எதையும் யோசிக்காமல் பார்க்கலாம், வியக்கலாம், சிரிக்கலாம். அந்த உற்சாகத்தில் கை தானாகப் பகிர்வுப் பொத்தானை நோக்கிப் போகும். அங்கேதான் அடக்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாடல் மறைந்தவுடன் படத்தின் எலும்புக்கூடு தெரியத் தொடங்கும்: எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, காமிரா நகர்கிறதா நிற்கிறதா, நடிப்பவர் யாரைப் பார்த்து அடி எடுத்து வைக்கிறார் என்பதெல்லாம் புலப்படும். டிரெட்மில் காணொளியை இப்படிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, காமிரா அசையவே இல்லை என்பதும், ஒரு வெட்டுக்கூட இல்லை என்பதும்தான். இன்று கைப்பேசியை முக்காலியில் பொருத்திவிட்டு எடுப்பது போன்ற சட்டகம் அது. எல்லா அசைவும் இயந்திரங்களிடமும் மனிதர்களிடமும் மட்டுமே இருக்கிறது. பதினேழு முயற்சிகளில் அதை எடுத்து முடித்தார்கள்.

மூன்றாம் முறை கண்ணை மூடிக்கொண்டு பாட்டை மட்டும் கேளுங்கள். பலரும் தவறவிடும் படி இதுதான். படம் இல்லாமல் அந்தப் பாட்டு நிற்கிறதா? நிற்கவில்லை என்றாலும் பகிரலாம். ஆனால் அப்போது நீங்கள் பகிர்வது ஒரு குறும்படத்தை என்று தெரிந்துகொண்டு பகிர்கிறீர்கள். நிற்கிறது என்றால், பின்னூட்டத்தில் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. ஏனென்றால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை. “என்ன ஒரு ஐடியா” என்று ஆயிரம் பேர் எழுதியிருக்கும் இடத்தில், டிரம்ஸ் வாசிப்பைப் பற்றி ஒரு வரி எழுதுபவரைத்தான் அந்தக் குழு நினைவில் வைத்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: எப்படி எடுத்தார்கள் என்று கண்டுபிடியுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் தேவை. சுவையும் இதில்தான் அதிகம். விசித்திரமான இசைக் காணொளிகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு நிபந்தனையின் மீது கட்டப்பட்டவை. வெட்டு இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுப்பது, ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி நிறுத்தி எடுக்கும் ஸ்டாப் மோஷன், பின்னோக்கி ஓட்டுவது, சில வினாடிகளை நிமிடக் கணக்கில் நீட்டுவது என்று அந்த நிபந்தனை எதுவாகவும் இருக்கலாம். நிபந்தனையைக் கண்டுபிடித்துவிட்டால் எழுத வேண்டியதில் பாதி கிடைத்துவிட்டது.

கணினியில் யூடியூப் பார்ப்பவர்களுக்கு ஒரு எளிய வழி உண்டு. காணொளியை நிறுத்திவிட்டு, விசைப்பலகையில் முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு சட்டகம் முன்னே போகும். காற்புள்ளி விசையைத் தட்டினால் ஒரு சட்டகம் பின்னே வரும். கைப்பேசியில் அமைப்புகளுக்குள் சென்று வேகத்தைக் கால் பங்காகக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டும் தெரிந்தாலே போதும், தந்திரம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பழகிப் பார்க்க மூன்று காணொளிகளைச் சொல்கிறேன்; மூன்றில் இரண்டு ஒரே இயக்குநருடையவை. பிரெஞ்சுக்காரரான மிஷேல் கோந்திரி, ‘உய் உய்’ என்ற குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். தம் குழுவுக்காகத் தாமே எடுத்த காணொளிகளைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க் அவரை அழைத்தார். நியூயார்க்கில் இரண்டு ஜப்பானியப் பெண்கள் நடத்திய ‘சீபோ மாத்தோ’ குழுவின் ‘ஷுகர் வாட்டர்’ பாடலுக்கு 1996இல் அவர் எடுத்த காணொளியில் திரை இரண்டாகப் பிளந்திருக்கும். ஒரு பாதி முன்னோக்கி ஓடும், மறுபாதி பின்னோக்கி ஓடும். நடுவில் இரண்டு கதைகளும் ஒரு புள்ளியில் மோதிக்கொண்டு, பிறகு பாதை மாற்றிக்கொள்ளும். முதல் முறை பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஒரு பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். பிறகு மற்றதை மறைத்துக்கொண்டு பாருங்கள். ‘விகடகவி’ என்ற சொல்லை இரு பக்கத்திலிருந்தும் படிக்கும் அதே விளையாட்டு என்பது அப்போது புரியும். மாலைமாற்றுப் பாட்டெழுதிய மொழியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேறு உவமை தேவையில்லை.

இரண்டாவது, ‘த ஒயிட் ஸ்டிரைப்ஸ்’ குழுவுக்கு அவர் 2003இல் எடுத்த ‘த ஹார்டஸ்ட் பட்டன் டு பட்டன்’. டிரம்ஸில் ஒவ்வொரு அடி விழும்போதும் தெருவில் ஒரு புதிய டிரம் செட் முளைக்கும். கணினியில் நகலெடுத்து ஒட்டியது என்றுதான் எவருக்கும் தோன்றும். உண்மையில் ஒரே மாதிரியான 32 டிரம் செட்டுகளை வரவழைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் டிரம்ஸ் வாசிப்பவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லி எடுத்தார்கள். இந்த ஒரு தகவலைத் தெரிந்துகொண்டு மறுபடியும் பார்ப்பவர் வேறொரு காணொளியைப் பார்க்கிறார்.

மூன்றாவது, ஜப்பானின் ‘சவர்’ குழு 2009இல் வெளியிட்ட ‘ஹிபி நோ நெய்ரோ’. பல நாடுகளில் இருந்த ரசிகர்கள் தத்தம் வீட்டு வெப்கேமராவின் முன் உட்கார்ந்து கையை நீட்ட, தலையைச் சாய்க்க, அந்தச் சின்னச் சின்னச் சதுரங்களை அடுக்கி ஒரு பெரிய கோலம் போட்டிருப்பார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் ஜூம் திரைகளைப் பார்த்துச் சலித்த நமக்கு அது பழக்கமான காட்சியாகத் தோன்றலாம். அது எடுக்கப்பட்ட ஆண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பார்ப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஆகவே ஆண்டு எப்போதும் முக்கியம்.

‘எப்படி எடுத்தார்கள்’ என்று ஊகித்து எழுதும்போது ஏற்படும் சறுக்கலையும் சொல்லிவிடுகிறேன், சறுக்கியவன் நானேதான். 2016 பிப்ரவரியில் ஓகே கோ குழு, விமானத்துக்குள் அந்தரத்தில் மிதந்தபடி ஆடும் காணொளி ஒன்றை வெளியிட்டது. “கம்பி கட்டித் தொங்கவிட்டு, பிறகு கம்பியை அழித்திருக்கிறார்கள்” என்று நான் நிபுணரைப் போல எழுதிவைத்தேன். கம்பியும் இல்லை, பச்சைத் திரையும் இல்லை. ரஷ்யாவில், விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி தரும் வகை இல்யூஷின் விமானம் ஒன்றில், எஸ்7 விமான நிறுவனத்தின் பணத்தில் எடுக்கப்பட்டது அது. விமானம் எறிந்த கல்லைப் போல மேலே ஏறி வளைந்து இறங்கும்போது, உள்ளே இருப்பவர்களுக்குச் சுமார் 27 வினாடி எடையின்மை கிடைக்கும். அதன்பின் உடல் எடை இரண்டு மடங்காக அழுத்தும். பிறகு விமானம் மீண்டும் ஏறத் தயாராகும். இப்படி எட்டு வளைவுகளைக் காமிராவை நிறுத்தாமல் எடுத்து, மிதக்காத இடைவெளிகளை மட்டும் நீக்கி ஒட்டியிருக்கிறார்கள். ஆகவேதான் அந்தக் காணொளியில் ஆட்கள் அவ்வப்போது இருக்கையிலோ தரையிலோ அமைதியாக அடங்கும் தருணங்கள் வருகின்றன; அவை நடன அமைப்பு மட்டுமல்ல, புவியீர்ப்பு திரும்பி வரும் நேரம். ஒரு நண்பர் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு என் பின்னூட்டத்தைத் திருத்தினேன். அழிக்கவில்லை, “முதலில் தவறாக எழுதியிருந்தேன்” என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். இப்போது எதைப் பார்த்தாலும் “ஏஐ-ல பண்ணது” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதுவதற்கு முன், குழுவே வெளியிட்டிருக்கும் படப்பிடிப்புக் காட்சிகளைத் தேடிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் செலவிடலாம்.

மூன்றாம் படி: பெயர்களைச் சேகரியுங்கள்

காணொளியின் கீழே உள்ள விவரக் குறிப்பை முழுதாக விரித்துப் படியுங்கள். இயக்குநர், ஒளிப்பதிவாளர், நடன அமைப்பாளர், சில சமயம் பொறியாளர்கள் என்று பலர் அங்கே இருப்பார்கள். பகிரும்போது குழுவின் பெயரோடு குறைந்தது இன்னொரு பெயரையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி.

டிரெட்மில் காணொளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நடனத்தை அமைத்தவர் டிரிஷ் ஸீ என்பவர். குலாஷின் அக்கா, பால்ரூம் நடனக் கலைஞர். படப்பிடிப்பு நடந்ததும் ஃபுளோரிடாவில் அவர் வீட்டில்தான். பிறகு நாய்களை வைத்து எடுத்த காணொளியிலும், அந்தரத்தில் மிதக்கும் காணொளியிலும் அவருடைய கை இருக்கிறது. “நான்கு பையன்கள் ஜாலியாக ஆடியிருக்கிறார்கள்” என்று எழுதுவதற்கும், “தேர்ந்த நடனக் கலைஞர் ஒருவர், நடனம் தெரியாத நான்கு பேருக்கு ஏற்றபடி அடிகளை அமைத்திருக்கிறார்” என்று எழுதுவதற்கும் உள்ள தூரத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நாட்டின் பெயரும் இதில் சேரும். மேலே சொன்ன ‘சவர்’ குழுவின் காணொளியைப் போன்ற ஒன்று நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் நுழைந்தால், “சீனாக்காரன் மூளையைப் பாருங்க” என்ற தலைப்போடுதான் சுற்றும். ஜப்பானியர்களைச் சீனர்கள் என்று எழுதுவது, நம் பாட்டைக் கேட்டுவிட்டு “நல்ல ஹிந்திப் பாட்டு” என்று ஒருவர் சொல்வதற்குச் சமம். அப்போது நமக்கு வரும் எரிச்சலை நினைத்துக்கொண்டால் போதும்.

நான்காம் படி: யார் பணம் என்று கேளுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஓகே கோ குழு இசை நிறுவனத்தை விட்டு வெளியேறிய ஆண்டிலிருந்து, காணொளிகளுக்கான செலவை ஏதேனும் ஒரு வணிக நிறுவனம் ஏற்றுக்கொள்வது வழக்கமானது. 2010இல் ஒரு காப்பீட்டு நிறுவனம், 2012இல் ஒரு கார் நிறுவனம், 2016இல் ஒரு விமான நிறுவனமும் ஓர் உப்பு நிறுவனமும் என்று பட்டியல் நீளும். அதனால் அவை விளம்பரங்களா? என் கருத்தில், கார் காணொளி பாதி விளம்பரம்தான்; ஆனால் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இசைக்கருவிகளை வரிசையாக வைத்து, காரில் பொருத்திய கைகளால் அவற்றைத் தட்டி ஒரு பாட்டையே வாசித்திருப்பது விளம்பரத்துக்குத் தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு அதிகமான உழைப்பு. நீங்கள் வேறு விதமாக முடிவெடுக்கலாம். எப்படி முடிவெடுத்தாலும், பகிரும்போது “இதற்கு இன்ன நிறுவனம் பணம் கொடுத்தது” என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பிறகு வேறொருவர் வந்து அதைப் பெரிய ரகசியத்தைப் போல அம்பலப்படுத்தும் வாய்ப்பு இல்லாமல் போகும்.

பணம் ஏன் வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது என்பதற்கும் குலாஷின் அதே கட்டுரையில் ஒரு கணக்கு உண்டு: ஆறு மாத ஸ்ட்ரீமிங்குக்காக இசை நிறுவனம் அவர்கள் கணக்கில் வரவு வைத்த தொகை 27.77 டாலர்.

ஐந்தாம் படி: சரியான இணைப்பைப் பகிருங்கள்

கோப்பாகப் பதிவிறக்கி அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் கோப்பாகச் சுற்றும் காணொளிக்குக் குழுவின் கணக்கில் ஒரு பார்வைகூட ஏறாது. நான்கு முறை ஃபார்வர்டு ஆனதும் யாருடையது என்பதும் மறைந்துவிடும். குழுவின் சொந்தச் சேனலையோ, அவர்களுடைய இசை நிறுவனத்தின் சேனலையோ தேடி எடுங்கள். ஒரே காணொளியை வேறு பலரும் மீண்டும் பதிவேற்றியிருப்பார்கள். தலைப்பில் ‘மைண்ட் ப்ளோயிங்’ போன்ற சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் அசல் அல்ல.

காணொளியின் குறிப்பிட்ட வினாடியிலிருந்து தொடங்கும்படி இணைப்பை அமைக்கலாம். கணினியில் பகிர்வுப் பெட்டியின் கீழே அதற்கான கட்டம் இருக்கிறது. ஆனால் ஒரே ஷாட்டில் எடுத்த காணொளிகளுக்கு இதைச் செய்யாதீர்கள். தொடக்கத்திலிருந்து பார்க்காவிட்டால் அவற்றின் பொருளே போய்விடும். முப்பது வினாடி ரீல்ஸாக வெட்டிப் போடுவதும் அதே தவறுதான். வெட்டாமல் எடுத்ததுதானே அங்கே வித்தை?

ஆறாம் படி: யாருக்கு அனுப்புவது

ஒரு முறை டிரெட்மில் காணொளியை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் பதில் சித்தப்பாவிடமிருந்து வந்தது: “அந்த மெஷின் இப்ப என்ன விலை வருது?” இரண்டாவது பதில் அத்தையிடமிருந்து: “விழுந்தா இடுப்பு போயிடும்பா, நீ எதுவும் பண்ணிடாதே.” அதன்பின் யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட, காணொளி மேலே போய் மறைந்தது. அவர்கள் மீது தவறில்லை. அறுபது பேர் இருக்கும் இடத்தில் எதைப் போட்டாலும் அது சந்தையில் வைத்த வீணைதான்.

அதே இணைப்பை, பரதம் பயிலும் என் மாமா மகளுக்குத் தனியாக அனுப்பி, “இதில் தாளத்தை யார் வைத்திருக்கிறார்கள், ஆட்களா, இயந்திரமா?” என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் கழித்து நீண்ட ஒலிச்செய்தி ஒன்று வந்தது. பட்டையின் வேகம் மாறவே மாறாததால், ஆடுபவர் தாளத்துக்கு முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. நட்டுவாங்கம் காலுக்குக் கீழே ஓடுகிறது என்று சொன்னாள். அந்தக் காணொளியைப் பற்றி நான் கேட்டவற்றில் மிகச் சிறந்த கருத்து அதுதான்.

ஆகவே பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பாமல், ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்குத் தெரிந்த துறையிலிருந்து ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். வீட்டில் தச்சு வேலை தெரிந்தவர் இருந்தால், பொம்மை லாரி ஒன்று டோமினோக் கட்டைகளைத் தட்டிவிட்டுத் தொடங்கி, கிடங்கு முழுவதும் ஒன்றையொன்று தட்டி ஓடும் பொறியமைப்பைக் காட்டும் ஓகே கோ குழுவின் 2010ஆம் ஆண்டுக் காணொளியை அவருக்கு அனுப்பலாம்.

ஏழாம் படி: பின்னூட்டம் எழுதுதல்

இப்போது எழுதத் தொடங்கலாம். மேலே சொன்ன அந்தப் பொறியமைப்புக் காணொளியையே பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம். பாடலின் பெயர் ‘திஸ் டூ ஷல் பாஸ்’. நம்மில் பெரும்பாலோர் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

“வேற லெவல்! என்னா மூளைடா இவனுங்களுக்கு!”

இதில் பிழை ஏதுமில்லை. ஆனால் இதே வரியை நாய் சைக்கிள் ஓட்டும் காணொளிக்கும் எழுதலாம். எதற்கும் பொருந்தும் வரி எதைப் பற்றியும் பேசுவதில்லை. அடுத்த நிலையில் தகவல்கள் வரும்:

“லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கிடங்கில் ‘ஸின் லேப்ஸ்’ என்ற பொறியாளர் குழுவோடு சேர்ந்து கட்டியது. இரண்டு நாளில் சுமார் அறுபது முறை முயன்றார்களாம்.”

இது பரவாயில்லை. படிப்பவருக்கு ஏதோ கிடைக்கிறது. ஆனாலும் இதை எழுதுவதற்கு நீங்கள் காணொளியைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. மூன்றாவது நிலையில்தான் உங்கள் கண் வேலை செய்யும்:

“பொறி ஓடும் வழியில் ஒரு சுத்தியல் வந்து ஒரு டிவியை உடைக்கிறது. நிறுத்திப் பாருங்கள்: அந்த டிவியில் ஓடிக்கொண்டிருப்பது இவர்களுடைய பழைய டிரெட்மில் காணொளி. தங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததையே உடைத்துவிட்டுத்தான் புதியதற்குள் நுழைகிறார்கள். இன்னொன்று, நடுவில் கண்ணாடிக் குவளைகளின் மீது தட்டி எழும் ஒலியும் பாட்டின் மெட்டுதான். அங்கே பொறி குழுவின் ஐந்தாவது வாத்தியக்காரர் ஆகிவிடுகிறது.”

மூன்றாவது பின்னூட்டம் நீளமாக இருப்பதால் சிறந்ததல்ல. அதைப் படித்தவர் உடனே காணொளிக்குத் திரும்பிப் போவார், அதனால்தான் சிறந்தது. சோதித்துக்கொள்ள எளிய வழி இதுதான்: நீங்கள் எழுதியதைப் படித்தவர் மறுபடியும் ஓடவிட்டுப் பார்க்கத் தூண்டப்படுவாரா? யூடியூபில் எழுதும்போது நிமிடத்தையும் வினாடியையும் இடையில் முக்காற்புள்ளி இட்டுக் குறித்தால், அது தானாகவே தட்டக்கூடிய இணைப்பாக மாறிவிடும்; படிப்பவர் ஒரே தட்டலில் அந்தச் சுத்தியல் அடிக்குப் போய்விடலாம்.

வேறு சில சிறு குறிப்புகள். பின்னூட்டத்தின் முதல் சொல் ‘நான்’ என்று இருந்தால் ஒரு முறை யோசியுங்கள். ஒப்பீடுகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், “நம்ம ஊர்ல இப்படி யாராவது எடுப்பாங்களா?” என்ற வரி, இசையைப் பற்றித் தொடங்கிய பேச்சை எப்போதும் சண்டையில்தான் கொண்டுபோய் விடும், அதுவும் பெரும்பாலும் உண்மையல்ல. 2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை பொறம்போக்குப் பாடல்’ காணொளியைப் பாருங்கள். எண்ணூரில், அனல்மின் நிலையம் பின்னால் நிற்க, டி.எம். கிருஷ்ணா கச்சேரிக்கு உட்காருவதைப் போல உட்கார்ந்து, சென்னைப் பேச்சுத்தமிழில் கபேர் வாசுகி எழுதிய வரிகளை ராகமாலிகையாகப் பாடுகிறார். சபா மேடைக்குரிய உட்காரும் முறையும், வசைச்சொல்லாகவே நாம் கேட்டுப் பழகிய ‘பொறம்போக்கு’ என்ற சொல்லும் ஒரே சட்டகத்தில் இருக்கின்றன. விசித்திரம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அந்தக் காணொளிக்குப் பின்னூட்டம் எழுதுபவர், ஊருக்குப் பொதுவான நிலம் என்ற பழைய பொருளிலிருந்து அந்தச் சொல் எப்படி வசையானது என்று இரண்டு வரி எழுதினால், பாட்டின் பாதி வேலையை அவரும் செய்தவர் ஆவார்.

எட்டாம் படி: சிரிக்கலாம், யாரைப் பார்த்து என்று தெரிந்து சிரிக்கலாம்

2007இல் ‘பஃபலாக்ஸ்’ என்ற பெயரில் இயங்கிய ஓர் அமெரிக்கர், ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ படத்தில் பிரபுதேவா ஆடிய ‘கல்லூரி வானில்’ பாடலை எடுத்து, தம் காதில் விழுந்த ஒலிகளை ஆங்கிலச் சொற்களாக எழுதி, அடியில் வரிகளாக ஓடவிட்டார். ‘நிலாவோ’ என்று நாம் கேட்கும் இடத்தில் அவருக்கு ‘பென்னி லாவா’ என்று கேட்டது. லட்சக்கணக்கானோர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெளிநாட்டு இணையவாசிகள் பலருக்குப் பிரபுதேவா அதன்பின் வெகுகாலம் ‘பென்னி லாவா’தான்.

அது சினிமாப் பாட்டு, சுயாதீன இசை அல்ல என்பது சரி. ஆனால் விசித்திரமான காணொளியைப் பகிரும் எவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில் நாம் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறோம். நான் முதலில் அதைப் பார்த்தபோது சிரித்தேன், மறுக்கவில்லை. அபத்தமான சொற்கள் ஒலியோடு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. ஆனால் கீழே இருந்த பின்னூட்டங்களைப் படிக்கப் படிக்கச் சிரிப்பு வற்றியது. அந்த இடுப்பும் காலும் எப்படி அசைகின்றன என்று ஒருவர் எழுதினால், பத்துப் பேர் சட்டையின் நிறத்தைப் பற்றியும், மொழியின் ஒலியைப் பற்றியும், “இவர்கள்” எல்லோரும் இப்படித்தான் என்றும் எழுதியிருந்தார்கள்.

ஆகவே புரியாத மொழிக் காணொளியைப் பகிரும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இது தெரிந்தே வேடிக்கை காட்டுகிறதா, அல்லது எனக்குப் பழக்கமில்லாததால் வேடிக்கையாகத் தெரிகிறதா? முதல் வகையென்றால் அவர்களோடு சேர்ந்து சிரிக்கலாம். இரண்டாம் வகையென்றால், பாடலின் அசல் பெயரையும், வரிகள் எதைப் பற்றியவை என்பதையும் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டுப் பகிருங்கள். மொழிபெயர்ப்புச் செயலி தரும் அரைகுறை வரிகள்கூட, “என்ன கத்துறாங்கன்னே புரியல” என்ற வரியைவிட மேல்.

ஒன்பதாம் படி: பிடிக்கவில்லை என்று எழுதுவது

பிடிக்காத காணொளியைப் பகிராமல் விடுவதே பெரும்பாலும் நல்லது. சிறு குழுக்களின் காணொளிகளில் பின்னூட்டங்களைப் படித்துப் பதில் எழுதுபவர் அந்தப் பாட்டைப் பாடியவராகவே இருக்கக்கூடும். அதாவது, நீங்கள் எழுதும் “மொக்கை” என்ற சொல் எந்த மேலாளரின் மேசையையும் தொடாமல் நேரே அவரிடம் போகிறது. ஆனால் பாராட்டு மட்டுமே எழுதும் ரசிகரின் பாராட்டுக்கும் மதிப்புக் குறைந்துவிடும் என்பதால், குறை சொல்லத்தான் வேண்டும் என்றால், இடத்தைக் குறித்துச் சொல்லுங்கள். “இரண்டாம் சரணத்தில் குரல் கிதாருக்குக் கீழே புதைந்துவிடுகிறது” என்பது பயன்படும். “மிக்ஸிங் சரியில்லை” என்பது அவ்வளவாகப் பயன்படாது. “இதெல்லாம் ஒரு பாட்டா” என்பதைப் படிப்பவர், எழுதியவரைப் பற்றி மட்டும்தான் ஏதோ தெரிந்துகொள்வார்.

யாராவது உங்களோடு முரண்பட்டால், இரண்டு பதிலோடு நிறுத்திவிடுங்கள். மூன்றாவது பதிலிலிருந்து பேச்சு பாட்டைப் பற்றியதாக இருப்பதில்லை.

பத்தாம் படி: பகிர்ந்த பிறகு

காணொளி பிடித்திருந்தால் பாட்டை வாங்குங்கள். 2008இல் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப்’ தளம், பாடல்களையும் ஆல்பங்களையும் கலைஞரிடமிருந்தே வாங்க வழி செய்கிறது. டிஜிட்டல் விற்பனையில் தளத்தின் பங்கு 15 விழுக்காடு. 2020இல் பெருந்தொற்று வந்தபோது, குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் தொடங்கினார்கள். நம் ஊர்க் குழு என்றால், நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்துப் போங்கள். முடிந்தபின் பாடகரிடம் போய், எந்தக் காணொளியின் எந்த வினாடி உங்களை அங்கே கொண்டுவந்தது என்று சொல்லுங்கள்.

பிறகு ஆறு மாதம் கழித்து, நீங்கள் பகிர்ந்த பழைய இணைப்புகளை ஒரு முறை தட்டிப் பாருங்கள். சேனல் மாறியிருக்கும், காணொளி நீக்கப்பட்டிருக்கும், அல்லது குழுவே கலைந்திருக்கும். இணைப்பு செத்துப்போயிருந்தால் புதியதைத் தேடிப் போடுங்கள். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில், காபி ஆறுவதற்குள் இந்த வேலையை முடித்துவிடுவேன். சென்ற வாரம் பதினொன்றில் மூன்று செத்திருந்தன.